'தி டிரெய்ன்' படத்தில் வரும் ஓவிய ரயில் உண்மையில் எப்படி நின்றது?

கேள்வி | கறுப்புவெள்ளைத் திரை

அனைவருக்கும் வணக்கம்.

ஜான் ஃபிராங்கன்ஹைமர் இயக்கி 1964-ல் வெளிவந்த 'தி டிரெய்ன்' படத்தைச் சென்ற ஞாயிறு இரவு அப்பாவுடன் உட்கார்ந்து பார்த்தேன். பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1944 ஆகஸ்ட் மாதம். நேசப்படைகள் பாரிஸை நெருங்கிக்கொண்டிருக்கின்றன. ஓவியங்களின் மேல் பித்துக்கொண்ட ஒரு ஜெர்மானியக் கர்னல், பாரிஸ் அருங்காட்சியகம் ஒன்றில் குவித்து வைத்திருக்கும் நவீன ஓவியங்களை எல்லாம் பெட்டிகளில் அடைத்து, ரயிலில் ஏற்றி ஜெர்மனிக்கு அனுப்ப முயல்கிறான். பர்ட் லங்காஸ்டர் நடிக்கும் ரயில்வே அதிகாரியும் அவருடைய நாஜி எதிர்ப்பியக்கத் தோழர்களும், ஓவியங்களுக்குச் சேதம் வராமல் அந்த வண்டியை நிறுத்தப் பார்க்கிறார்கள். வழியில் உள்ள நிலையங்களின் பெயர்ப்பலகைகளையே மாற்றி, வண்டி ஜெர்மனிக்குள் நுழைந்துவிட்டதாகக் காவலர்களை நம்பவைத்துவிட்டு, சுற்றிச் சுற்றிக் கிளம்பிய இடத்துக்கே கொண்டுவந்து சேர்க்கும் பகுதியில் நான் மூச்சு விடவே மறந்துபோனேன்.

ஆனால் இரண்டு நாட்களாக மனத்தை விட்டுப் போகாமல் இருப்பது கடைசிக் காட்சிதான். தண்டவாளத்தின் ஓரத்தில், ஓவியர்களின் பெயர்கள் எழுதிய மரப்பெட்டிகள் இறைந்து கிடக்கின்றன. சற்றுத் தள்ளி, பிணையாகப் பிடித்து வந்து சுட்டுக் கொல்லப்பட்ட ஊர்மக்களின் உடல்கள் கிடக்கின்றன. கேமரா பெட்டிகளையும் உடல்களையும் மாறி மாறிக் காட்டுகிறது. இசையும் இல்லை, வசனமும் இல்லை. படம் முடிந்ததும் அப்பா ஒன்றுதான் கேட்டார்: இத்தனை பேர் செத்து அந்தப் படங்களைக் காப்பாற்றியிருக்க வேண்டுமா? என்னிடம் பதில் இல்லை.

இது உண்மைச் சம்பவத்தைத் தழுவியது என்று படத்தின் தொடக்கத்தில் தெரிந்துகொள்கிறோம். அப்படி ஒரு ரயில் இருந்ததா? அதை நிறுத்தியவர்கள் யார்? அதற்காக உயிரிழந்தவர்கள் உண்டா? அந்த ஓவியங்கள் யாருடையவை, பிறகு எங்கே போயின? தெரிந்தவர்கள் விளக்கினால் அப்பாவுக்கும் படித்துக் காட்டுவேன்.


பதில் | நூலக மேசை

நண்பரே, நல்ல கேள்விகள். இந்த வரலாற்றைப் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ரயில் உண்மை. அதன் எண் 40044. ஆனால் படத்தில் லங்காஸ்டருக்குக் கிடைத்த இடம், வரலாற்றில் ஒரு பெண்ணுக்கு உரியது. படத்தின் முதல் காட்சிகளில் சில நிமிடங்கள் மட்டும் வந்து, ஓவியங்களைக் காப்பாற்றும்படி எதிர்ப்பியக்கத்தினரிடம் மன்றாடிவிட்டுப் போகும் அருங்காட்சியகப் பெண்மணி நினைவிருக்கிறதா? அந்தப் பாத்திரத்தின் மூலம் ரோஸ் வலான். படத்துக்கு அடிப்படையாக அமைந்ததும் 1961-ல் வெளியான அவருடைய நினைவுக் குறிப்புகள்தான். கதையைச் சொன்னவரையே கதையின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டார்கள் என்பது படத்தின் மீது எனக்குள்ள தீராத வருத்தம்.

வலான் 1898-ல் பிரான்சின் இஸேர் பகுதியில் ஒரு கொல்லர் வீட்டில் பிறந்தவர். ஓவியமும் கலை வரலாறும் படித்துவிட்டு, 1932-ல் பாரிஸின் துய்லெரி பூங்கா ஓரத்திலுள்ள ழு த போம் அருங்காட்சியகத்தில் ஊதியமில்லாத் தன்னார்வலராகச் சேர்ந்தார். 1940-ல் பாரிஸ் வீழ்ந்த பிறகு, யூதர்களின் வீடுகளிலும் கலைக்கூடங்களிலும் வங்கிப் பெட்டகங்களிலும் பறித்த கலைப்பொருட்களைக் கொண்டுவந்து குவித்து, பட்டியலிட்டு, ஜெர்மனிக்கு அனுப்பும் கிடங்காக நாஜிகள் அந்தக் கட்டடத்தை எடுத்துக்கொண்டார்கள். இதைச் செய்த அமைப்பு ஆல்ஃபிரட் ரோசன்பெர்க் என்ற நாஜித் தலைவரின் பெயரால் இயங்கியது. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதே பெயர் வேறொரு குடும்பத்தைக் குறித்துக் கீழே மீண்டும் வரும். ஹிட்லருக்கு அடுத்த நிலையில் இருந்த ஹெர்மன் கோரிங் தனக்கு வேண்டியவற்றைப் பொறுக்கிக்கொள்ள ஏறத்தாழ 20 முறை அங்கே வந்தார். போர்க்காலத்தில் அந்தக் கட்டடத்தின் வழியாகக் கடந்து போன கலைப்பொருட்கள் 20,000-க்கும் மேல்.

பிரெஞ்சு அருங்காட்சியகங்களின் தலைமைப் பொறுப்பில் இருந்த ழாக் ழோழார், என்ன நேர்ந்தாலும் அங்கேயே இருக்கும்படி வலானைக் கேட்டுக்கொண்டார். அவரும் இருந்தார். கட்டடப் பராமரிப்பைக் கவனிக்கும், யார் கண்ணிலும் படாத, மூக்குக் கண்ணாடி அணிந்த நடுவயதுப் பெண்ணாக நான்கு ஆண்டுகள் அங்கே நடமாடினார். அவருக்கு ஜெர்மன் மொழி புரியும் என்பது அங்கிருந்த ஜெர்மானியர்களுக்குத் தெரியாது. அவர்கள் பேசிக்கொள்வதை எல்லாம் கேட்டு மனத்தில் இருத்திக்கொள்வார். குப்பைக் கூடையில் விழும் கார்பன் தாள்களை எடுத்து, எந்தப் பெட்டி எந்த எண்ணில் எந்த ஊருக்குப் போகிறது என்று குறித்துக்கொள்வார். புகைப்பட நெகட்டிவ்களை இரவில் வெளியே கொண்டுபோய்ப் படியெடுத்து, காலையில் இருந்த இடத்திலேயே வைத்துவிடுவார். பிடிபட்டால் சுட்டுவிடுவார்கள் என்பதை அவருக்கு நேரடியாகவே சொல்லியிருக்கிறார்கள். சிலமுறை வெளியேற்றியும் பார்த்தார்கள். ஏதோ ஒரு வேலையைக் காரணம் காட்டி அவர் திரும்பி வந்துவிடுவார்.

இனி ரயிலுக்கு வருகிறேன். 1944 ஆகஸ்ட் தொடக்கத்தில் ழு த போமில் எஞ்சியிருந்த நவீன ஓவியங்களை 148 பெட்டிகளில் அடைத்து, பாரிஸின் வடகிழக்கு விளிம்பிலுள்ள ஓபர்வில்லியே நிலையத்தில் 5 ரயில் பெட்டிகளில் ஏற்றினார்கள். பிக்காசோ, பிராக், செசான், தெகா, கோகன், மொதிலியானி, துலூஸ்-லோத்ரெக் ஆகியோரின் படைப்புகள் அவற்றில் இருந்தன. ஓவியங்கள் மட்டும் 967 என்று கணக்கு. வலான் ரயில் பெட்டிகளின் எண்களைக் குறித்து ழோழாரிடம் கொடுத்தார். அவர் வழியாகச் செய்தி ரயில்வே ஊழியர்களிடம் போய்ச் சேர்ந்தது.

ஓவியங்கள் ஆகஸ்ட் 2-ஆம் தேதியே ஏறிவிட்டன. ஆனால் அதே வண்டியில் வேறு சரக்கும் ஏற்ற வேண்டியிருந்தது. யூதர்களின் வீடுகளைக் காலி செய்து எடுத்த தட்டுமுட்டுச் சாமான்கள். அவற்றை ஏற்றி முடிக்கவே நாட்கள் ஓடிவிட்டன. அது முடியும் நேரத்தில், ஆகஸ்ட் 10-ஆம் தேதி, ரயில்வே ஊழியர்களின் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஒருவழியாக வண்டி கிளம்பியபோது, ஐம்பதுக்கும் மேற்பட்ட பெட்டிகளின் பாரம் தாங்காமல் லு பூர்ழே நிலையத்தில் பழுதாகி நின்றது. அதைச் சரிசெய்து நகர்த்தினால் அடுத்து ஓல்னே நிலையத்தில் நின்றுவிட்டது. பாரிஸ் ஆகஸ்ட் 25-ல் விடுதலை பெற்றது. இரண்டு நாள் கழித்து, பிரெஞ்சு ஜெனரல் லெக்ளேரின் இரண்டாவது கவசப் பிரிவைச் சேர்ந்த ஒரு சிறு படை ஓல்னேயில் அந்த வண்டியைக் கைப்பற்றியது. படத்தில் பல நூறு கிலோமீட்டர் ஓடும் ரயில், உண்மையில் பாரிஸின் புறநகரைத் தாண்டவே இல்லை.

அந்தப் படையை நடத்தி வந்த லெஃப்டினன்ட்டின் பெயர் அலெக்சாந்தர் ரோசன்பெர்க். அவர் பால் ரோசன்பெர்க் என்ற புகழ்பெற்ற யூத ஓவிய வணிகரின் மகன். பிக்காசோவும் பிராக்கும் மத்தீஸும் நம்பித் தங்கள் படைப்புகளைக் கொடுத்த கலைக்கூடம் அவருடையது. குடும்பம் 1940-ல் தப்பி நியூயார்க் போய்விட, மகன் இங்கிலாந்து சென்று சுதந்திர பிரெஞ்சுப் படையில் சேர்ந்துவிட்டார். பாரிஸில் லா போயெசி வீதியிலிருந்த அவர்களுடைய கட்டடத்தை 1941-ல் யூத எதிர்ப்புப் பிரச்சார நிறுவனம் ஒன்றுக்கு அலுவலகமாக்கினார்கள். இப்போது ஓல்னேயில் ரயில் பெட்டியைத் திறந்து, மரப்பெட்டிகளைப் பிரித்துப் பார்த்த மகன், தான் பிறந்து வளர்ந்த வீட்டின் சுவரில் தொங்கிய ஓவியங்களை அங்கே கண்டார். எந்தத் திரைக்கதை ஆசிரியரும் இப்படி எழுதினால் நம்பமாட்டோம். ஆனால் நடந்தது இதுதான். படத்தில் இது இல்லை.

உயிரிழப்பு பற்றிக் கேட்டீர்கள். படத்தில் வரும் மரணங்கள் கதைக்காகச் சேர்த்தவை. ஆனால் ரயில் பாதையைத் தகர்த்ததற்காகப் பொதுமக்களைச் சுட்டுக் கொன்றது கற்பனை இல்லை. வட பிரான்சின் அஸ்க் என்ற ஊரில் 1944 ஏப்ரல் முதல் நாள் இரவு, நாஜிகளின் எஸ்.எஸ். படையினர் சென்ற ரயிலின் கீழே வெடிகுண்டு வெடித்ததற்குப் பழிவாங்க, அந்த ஊர் ஆண்கள் 86 பேரை வீடுகளிலிருந்து இழுத்து வந்து சுட்டுக் கொன்றார்கள். படத்தின் கடைசிக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அஸ்க்தான் நினைவுக்கு வருகிறது.


பதில் | நீராவிக் காலத்தவன்

நூலக மேசை அவர்கள் எழுதியதைப் படித்துவிட்டு, எனக்குத் தெரிந்த தொழிலைப் பற்றி மட்டும் இரண்டு வார்த்தை சேர்க்கிறேன். நான் நீராவி எஞ்சின் ஷெட்டில் ஃபிட்டராகச் சேர்ந்து, டீசல் வந்த பிறகும் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்.

படத்தில் மிஷேல் சிமோன் நடித்த முதிய டிரைவர், எண்ணெய் போகும் குழாயில் நாணயங்களைச் செருகி எஞ்சினை முடக்குவார். அதற்காகவே அவரைச் சுட்டுவிடுவார்கள். பார்ப்பவர்களுக்கு அது சினிமா வித்தையாகத் தோன்றலாம். எங்களைப் போன்றவர்களுக்கு அது வயிற்றைக் கலக்கும் காட்சி. பிஸ்டனின் விசையைச் சக்கரத்துக்குக் கடத்தும் கனெக்டிங் ராடின் முனையில் உள்ள பேரிங்குக்குள் வைட் மெட்டல் என்ற மிருதுவான உலோகத்தை வார்த்திருப்பார்கள். எண்ணெய் நின்றுபோனால் சில மைல் ஓட்டத்திலேயே அது சூடேறி உருகி ஒழுகிவிடும். அதன் பிறகு அந்த எஞ்சினை நகர்த்தவே கூடாது. ராடைக் கழற்றி, பேரிங்கை மறுபடி வார்த்து, கடைந்து, பொருத்தி எடுக்க நாள் கணக்காகும். ஒவ்வொரு நிலையத்திலும் வண்டி நின்றவுடன் டிரைவர் இறங்கிப் போய்ப் புறங்கையால் பேரிங்கைத் தொட்டுப் பார்ப்பது அதற்காகத்தான். உள்ளங்கையால் தொட்டு, சூட்டில் தோல் ஒட்டிக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். கெட்ட பேரிங்கின் வாசனை, கருகிய எண்ணெயும் உலோகமும் கலந்தது, எஞ்சின் பிளாட்பாரத்துக்கு வருவதற்கு முன்பே வந்துவிடும்.

இதில் முக்கியமானது, வேண்டுமென்று செய்ததா தானாக ஆனதா என்று வெளியாளுக்குக் கண்டுபிடிக்க முடியாது என்பதுதான். படத்தில் அந்த முதியவர் மாட்டிக்கொண்டதற்குக் காரணம் நாணயம். நாணயம் தானாக எண்ணெய்க் குழாய்க்குள் போகாது. சாதாரண ஊழியர் அப்படிச் செய்யமாட்டார். உண்மை வண்டி பாரம் தாங்காமல் நின்றது என்று எழுதியிருக்கிறீர்கள். ஐம்பது பெட்டிக்கு மேல் கோத்து, சோர்ந்துபோன எஞ்சின் ஒன்றை மாட்டிவிட்டாலே போதும். சக்கரம் வழுக்கும், மணல் விட வேண்டும், நீராவி இறங்கும். பிறகு பிரேக் சோதனை, இணைப்புச் சோதனை, தண்ணீர், கரி என்று விதிப்புத்தகத்தில் உள்ள ஒவ்வொன்றையும் நிதானமாகச் செய்தால், யாரும் குற்றம் சொல்ல முடியாமல் ஒரு வண்டியை நாள் முழுவதும் யார்டிலேயே நிறுத்தி வைக்கலாம். துப்பாக்கியோடு பக்கத்தில் நிற்கும் சிப்பாய்க்கு விதிப்புத்தகம் தெரியாது.

இன்னொன்று. படத்தில் மோதும் எஞ்சின்கள் பொம்மைகள் அல்ல, உண்மையான எஞ்சின்கள். அவை கவிழ்ந்து நீராவி பீறிடுவதைப் பார்க்கும்போது, அவற்றைத் துடைத்து எண்ணெய் போட்ட கைகளை நினைத்து எனக்கு மனம் கனத்தது.


கறுப்புவெள்ளைத் திரை

ஐயா, உங்கள் பதிலை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். புறங்கை விஷயத்தை இரண்டு முறை படிக்கச் சொன்னார். நூலக மேசை அவர்களுக்கும் நன்றி. ஆனால் ஓவியங்களோடு வீட்டுச் சாமான்களும் அதே வண்டியில் ஏறின என்ற செய்தி என்னைத் துணுக்குறச் செய்கிறது. படத்தில் முழு வண்டியும் கலைப்பொக்கிஷம் போலத்தான் தெரிகிறது. இதைப் பற்றி மேலும் யாராவது சொல்ல முடியுமா?


பதில் | வடகிழக்குப் புறநகர்

நான் பாரிஸின் வடகிழக்குப் புறநகரில் வசிக்கும் ஈழத்தவன். நீங்கள் பேசிக்கொண்டிருக்கும் அந்தப் பாதையில்தான் நாளாந்தம் வேலைக்குப் போய் வருகிறேன். எனவே இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

வடக்கு நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்குப் போகும் பி வழித்தடத் தொடருந்து, லா கூர்நெவ்-ஓபர்வில்லியே, லு பூர்ழே, திரான்சி, லு பிளாங்-மெனில், ஓல்னே என்ற வரிசையில் நிற்கும். ஓவிய வண்டி ஏற்றப்பட்ட பகுதியிலிருந்து அது பிடிபட்ட இடத்துக்கு இன்று போக, எல்லா நிலையத்திலும் நின்று போனாலும் கால் மணித்தியாலம்தான் ஆகும். எங்கள் ஆட்கள் ஆயிரக்கணக்கில் இந்த ஊர்களில் இருக்கிறார்கள். காலையில் உணவகங்களுக்கும் கடைகளுக்கும் வேலைக்குப் போகிறவர்களால் அந்தத் தொடருந்து நிறைந்திருக்கும். நானும் பல ஆண்டுகள் யன்னலோரம் தூங்கியபடியேதான் அந்த நிலையங்களைக் கடந்திருக்கிறேன்.

வீட்டுச் சாமான் பற்றிக் கேட்டீர்கள். 1942 முதல் பாரிஸில் ஏறத்தாழ 38,000 யூத வீடுகளை ஜெர்மானியர்கள் வெறுமையாக்கினார்கள். விலையுயர்ந்த பொருட்களை மட்டுமல்ல. கதிரை, மேசை, கட்டில், தலையணை, சட்டி, கரண்டி, பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் வரை எல்லாவற்றையும் எடுத்தார்கள். குண்டுவீச்சில் வீடிழந்த ஜெர்மானியர்களுக்கு அவற்றை அனுப்புவது திட்டம். இவற்றைத் தரம் பிரித்துப் பொதி செய்ய, திரான்சி தடுப்பு முகாமில் அடைத்து வைத்திருந்த யூதர்களையே கொண்டுவந்து வேலை வாங்கினார்கள். அப்படியான முகாம்களில் ஒன்று, லெவித்தான் என்ற தளபாடக் கடையின் கட்டடத்தில், ஃபோபூர் சேன்-மார்த்தான் வீதியில் இயங்கியது. 1943 ஜூலை முதல் நூற்றுக்கணக்கானோர் அங்கே அடைபட்டிருந்து வேலை செய்தார்கள். பொதிகளைப் பிரிக்கும்போது தங்கள் வீட்டுப் பொருளையே, தங்கள் குடும்பப் படத்தையே கண்டவர்கள் உண்டு. பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் சாமான் வாங்க வருகிற நம்மவர்கள் நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கிறது அந்தக் கட்டடம்.

ஆகவே 40044-ஆம் இலக்க வண்டியில் 5 பெட்டிகளில் பிக்காசோவும் செசானும் இருந்தார்கள் என்றால், மீதி நாற்பதுக்கும் மேற்பட்ட பெட்டிகளில் இருந்தது அந்தக் கட்டில்களும் சட்டிகளும்தான். அவற்றை ஏற்றும் பேராசையே ஓவியங்களைத் தாமதப்படுத்தி, கடைசியில் காப்பாற்றியது.

அடுத்ததை எழுதத் தயங்குகிறேன். ஆனால் உங்கள் தந்தையார் கேட்ட கேள்விக்கு இது இல்லாமல் பதில் இல்லை. ஓவிய வண்டி பழுதாகி நின்ற லு பூர்ழே நிலையத்திலிருந்து 1942 மார்ச் தொடங்கி 1943 ஜூன் வரை, ஏறத்தாழ 40,000 யூதர்களைச் சரக்குப் பெட்டிகளில் அடைத்து மரண முகாம்களுக்கு அனுப்பியிருந்தார்கள். பிறகு அந்த வேலை பக்கத்து ஊரான பொபினியின் நிலையத்துக்கு மாறியது. 1944 ஜூலை 31-ஆம் திகதி, அதாவது ஓவியங்கள் ஏறுவதற்கு இரண்டு நாள் முன்பு, 77-ஆவது வண்டி 1,306 பேரோடு பொபினியிலிருந்து அவுஷ்விட்ஸ் மரண முகாமுக்குப் புறப்பட்டது. அவர்களில் 300-க்கும் மேற்பட்டோர் பிள்ளைகள். அந்த வண்டி நிற்கவில்லை. ஆகஸ்ட் 15-ஆம் திகதி, வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்த வேளையில், சற்றுத் தெற்கே பந்தான் நிலையத்திலிருந்து ஏறத்தாழ 2,200 எதிர்ப்பியக்கக் கைதிகளையும் பிடிபட்ட விமானப்படையினரையும் ஏற்றிக்கொண்டு இன்னொரு வண்டி புறப்பட்டது. அதுவும் ஜெர்மனிக்குப் போய்ச் சேர்ந்தது.

ஓவிய வண்டியைத் தாமதப்படுத்திய ஊழியர்களைக் குறைசொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. கைதிகளின் வண்டிகளைச் சுற்றிக் காவல் எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் ஓவியமா உயிரா என்று படம் கேட்கும்போது, இரண்டையும் ஒரே தராசில் வைத்து, அந்த நாயகன் தேர்ந்தெடுக்கலாம் என்பதுபோலக் காட்டுகிறது. அந்த ஆகஸ்ட் மாதத்தில் இரண்டு சரக்கும் ஒரே புறநகரிலிருந்து வெவ்வேறு தண்டவாளங்களில் போயின. ஒன்று ஓல்னேயில் நின்றது.

பொபினியின் பழைய நிலையம் 2023-ல் நினைவிடமாகத் திறக்கப்பட்டது. நான் போனது ஒரு வேலைநாள். தண்டவாளத்தின் இடையே புல் வளர்ந்திருந்தது. பாடசாலைப் பிள்ளைகள் சிலர் ஆசிரியையோடு வந்து, பேசாமல் நின்றார்கள். திரும்பும் வழியில் லு பூர்ழேயில் நான் தூங்கவில்லை.


பதில் | உப்பும் ஓவியமும்

வடகிழக்குப் புறநகர் அவர்களின் பதிலுக்குப் பிறகு எழுதுவது எளிதாக இல்லை. இருந்தாலும், ஓவியத்தைக் காப்பவர்களின் காரணம் எப்போதுமே ஓவியமாக இருப்பதில்லை என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்ல விரும்புகிறேன்.

ஆஸ்திரியாவின் ஆல்ட்ஔசே உப்புச் சுரங்கத்தில் நாஜிகள் 6,500-க்கும் மேற்பட்ட ஓவியங்களைப் பதுக்கி வைத்திருந்தார்கள். வான் ஐக் சகோதரர்கள் வரைந்த, பெல்ஜியத்தின் கென்ட் நகரத்துப் பலிபீட ஓவியமும், மைக்கலாஞ்சலோ செதுக்கிய புரூஜ் மாதாவும் அங்கேதான் இருந்தன. எதுவும் எதிரிகளின் கையில் சிக்கக்கூடாது என்று, அந்தப் பகுதியின் நாஜி ஆளுநர் ஐக்ரூபர் 1945 ஏப்ரலில் 8 பெட்டிகளைச் சுரங்கத்துக்குள் இறக்கினார். வெளியே 'எச்சரிக்கை, பளிங்கு' என்று எழுதியிருந்தது. உள்ளே 500 கிலோ எடையுள்ள குண்டு ஒவ்வொன்றிலும். மே மாதத் தொடக்கத்தில் சுரங்கத் தொழிலாளர்கள் அந்தக் குண்டுகளை வெளியே தூக்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டு, வாயில்களை மட்டும் சிறு வெடிகளால் அடைத்து, உள்ளே எவரும் நுழைய முடியாதபடி செய்துவிட்டார்கள். தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்ட சுரங்கம் தகர்ந்துவிட்டால் பிழைப்பு போய்விடும் என்பது அவர்களுக்கு முதல் கவலை. அதற்காக அவர்களைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனமில்லை. அந்தக் கவலையால்தான் கென்ட் நகரத் தேவாலயத்தில் இன்றும் அந்தப் பலிபீடத்தின் முன்னால் போய் நிற்க முடிகிறது.

படத்தின் நாயகனும் தொடக்கத்தில் ஓவியங்களுக்காக ஒருவரையும் பலிகொடுக்க மறுப்பவர்தான். கடைசியில் அவர் உறுதியாக நின்றதற்குக் காரணம், வண்டிக்காகச் செத்த நண்பர்கள். அந்த இடத்தில் படம் மனிதர்களைச் சரியாகப் புரிந்துவைத்திருக்கிறது என்பது என் எண்ணம்.


பதில் | நூலக மேசை

வடகிழக்குப் புறநகர் அவர்களுக்கு என் வணக்கம். வண்டிகளின் தேதிகளை நான் தனித்தனியாக அறிந்திருந்தும், அந்த நிலையங்களை ஒரே வரிசையில் வைத்துப் பார்த்ததில்லை.

ஓவியங்கள் யாருடையவை என்ற கேள்வி மீதமிருக்கிறது. படத்தில் அவற்றைப் பிரான்சின் பெருமை என்றும் நாட்டின் சொத்து என்றும் பேசுகிறார்கள். நாட்டுக்குச் சொந்தமான பெரும் படைப்புகள் அந்த வண்டியில் இல்லை. மோனா லிசா உள்ளிட்ட லூவர் ஓவியங்களை ழோழார் 1939-லேயே ஷாம்போர் கோட்டைக்கு அப்புறப்படுத்திவிட்டார். பிறகும் ஊர் ஊராக மாற்றிக் காப்பாற்றினார். ரயிலில் இருந்தவை பால் ரோசன்பெர்க்கைப் போன்ற குறிப்பிட்ட மனிதர்களுடையவை, குறிப்பிட்ட வீடுகளின் சுவர்களிலிருந்து இறக்கியவை. நாட்டின் மானம் என்ற பெரிய சொல்லுக்குள் அந்த வீடுகள் மறைந்துபோவது படத்தின் உண்மையான குறை என்று நினைக்கிறேன். வலான் எழுதிவைத்த குறிப்புகளின் சிறப்பும் இதில்தான் இருக்கிறது. எந்தப் பெட்டி எங்கே போயிற்று என்பதோடு, எவரிடமிருந்து வந்தது என்பதையும் அவர் விடாமல் குறித்தார்.

விடுதலைக்குப் பிறகு ஜேம்ஸ் ரோரிமர் என்ற அமெரிக்கக் கலைப் பாதுகாப்பு அதிகாரி அவரைத் தேடி வந்தார். அவரையும் வலான் உடனே நம்பிவிடவில்லை. பல மாதம் பழகிப் பார்த்த பிறகே விவரங்களைக் கொடுத்தார். பவேரியாவின் நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டையில் குவித்திருந்தவற்றையும், கொள்ளையின் கணக்குப் பதிவுகளையும் 1945 மே மாதம் கைப்பற்ற அதுவே வழிகாட்டியது. வலான் தாமும் பிரெஞ்சுப் படையில் கேப்டன் பதவி பெற்று ஜெர்மனிக்குப் போய், 1950-களின் தொடக்கம் வரை தேடிக்கொண்டே இருந்தார். அங்கிருந்து பிரான்சுக்குத் திரும்பியவை ஏறத்தாழ 60,000. அவற்றில் 45,000 உரியவர்களிடம் சேர்ந்தன. உரிமையாளர் தெரியாத 2,000-க்கும் மேற்பட்டவை இன்றும் பிரெஞ்சு அருங்காட்சியகங்களின் பொறுப்பில், தனிக் குறியீட்டோடு இருக்கின்றன. ழு த போம் கட்டடத்தின் வெளிச்சுவரில் வலானின் பெயரோடு கல்வெட்டு வைக்க 2005 வரை ஆயிற்று. அவர் இறந்தது 1980-ல்.

ரோசன்பெர்க் குடும்பத்தின் எல்லா ஓவியங்களும் ஓல்னே வண்டியில் இருக்கவில்லை. லிபூர்ன் நகரில் ஒரு வங்கிப் பெட்டகத்தில் அவர்கள் வைத்துவிட்டுப் போன ஓவியங்களை 1941-லேயே பறித்து, ழு த போமுக்குக் கொண்டு வந்திருந்தார்கள். அவற்றில் ஒன்று, நாற்காலியில் அமர்ந்திருக்கும் ஒரு பெண்ணை மத்தீஸ் வரைந்தது. 2012-ல் மியூனிக் நகரில் ஒரு முதியவரின் அடுக்குமாடி வீட்டைச் சோதனையிட்ட அதிகாரிகள், அங்கே மறைந்திருந்த நூற்றுக்கணக்கான படைப்புகளுக்கு நடுவில் அதைக் கண்டெடுத்தார்கள். பால் ரோசன்பெர்க்கின் வாரிசுகளிடம் அது 2015 மே மாதம் வந்து சேர்ந்தது. உங்கள் அப்பாவுக்கு இதையும் படித்துக் காட்டுங்கள்.